மூன்று பக்கெட் தண்ணீர்

சென்னகிருஷ்ணன் செய்த குற்றம், தரையைக் கழுவியது. அவ்வளவுதான். தண்ணீரில் மஞ்சள்தூள் கலந்தான், தென்னந்துடைப்பத்தால் தேய்த்தான், மூன்று பக்கெட் ஊற்றினான். ஊரில் எந்த வீட்டுத் தரையைக் கழுவாமல் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று அவன் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆனால் இவன் கழுவியது கழுவக்கூடாத தரை. கழுவக்கூடாது என்று இவனிடம் சொல்லியிருந்தார்கள். சொன்னதை இவன் வாயாலேயே திருப்பிச் சொல்லவும் வைத்திருந்தார்கள். அதற்குள் பத்து நாள்கூட ஆகவில்லை.

அது ஒரு பழைய கேபின். முன் ஜென்மத்தில் மேம்பாலம் கட்டுகிறவர்களுக்கு ஆபீசாக இருந்தது. நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம், ரெண்டு ஜன்னல், ஒரு கதவு. உள்சுவரில் 'ஹெல்மெட் கட்டாயம்' என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்த்தும் வரவில்லை. பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், சென்னகிருஷ்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த அரை மனையில் கிரேன் வைத்து அதை இறக்கினார்கள். இறக்கியவர் கங்கப்பன். கிருஷ்ணகிரி ரோட்டில் யார்டு வைத்து முப்பது வருஷமாகக் கேபின் கட்டுகிறவர், பழசை வாங்கிச் சரிசெய்து விற்கிறவர். தமிழில் தொடங்கினால் கன்னடத்தில் முடிப்பார், நடுவில் தெலுங்கு எட்டிப் பார்க்கும்.

"கிருஷ்ணா, இது சிமென்ட் தரை இல்லப்பா. மரத்தூளப் பசை போட்டு அமுக்கின பலகை. தண்ணி ஊத்த பேடா, வேணாம். துணியப் புழிஞ்சி தொடச்சிக்கோ, போதும். சீக்கிரமா மேல வினைல் விரிப்பு போட்டுடு. எங்க, சொல்லு பாக்கலாம்?"

"தண்ணி ஊத்த பேடா," என்றான் சென்னகிருஷ்ணன். "ஏண்ணா, ஊத்துனா அதுக்குச் சளி புடிச்சிக்குமா?"

கங்கப்பன் சிரித்தார். கிரேன்காரனும் சிரித்தான். சென்னகிருஷ்ணனுக்கு அது போதும். நாலு பேர் சிரித்துவிட்டால் சொன்ன விஷயம் முடிந்துபோய்விட்டதாக அவனுக்கு ஒரு நினைப்பு. நாற்பத்தாறு வயசு வரைக்கும் அந்த நினைப்பிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

கேபின் அவனுக்காக வாங்கியது இல்லை. அவன் மனைவி வினோதா பதினாலு வருஷம் எலக்ட்ரானிக் கம்பெனியில் லைனில் நின்றவள். அங்கே கூட நின்ற பெண்கள் கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, பிள்ளையை விட இடமில்லாமல் ஒருத்தி ஒருத்தியாக வேலையை விட்டுப் போனதைப் பார்த்தவள். முதல் ஷிப்ட் பஸ் காலை அஞ்சரைக்கு வரும். அந்த நேரத்துக்கு எந்தப் பள்ளிக்கூடமும் கதவைத் திறக்காது. 'நானே திறக்கிறேன்' என்று ஆடி மாசத்தில் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். ஆறு தாய்மார்களிடம் பேசியாகிவிட்டது. ஆவணியில் ஒரு திங்கட்கிழமை திறப்பு.

அதற்கு ஒன்பது நாள் முன்னால், சனிக்கிழமை, குழந்தைக் காப்பக அனுமதியில் ஒரு கையெழுத்துக்காக வினோதா கிருஷ்ணகிரி போயிருந்தாள். சென்னகிருஷ்ணனுக்கு லீவு. பால் காய்ச்சப் போகிற இடம், பச்சைப் பிள்ளைகள் தவழப் போகிற இடம், அதில் மேம்பாலத்துக்காரர்களின் பூட்ஸ் அச்சு. அவள் வருவதற்குள் பளபளவென்று ஆக்கி வைத்தால் ஒரு நல்ல பேர் கிடைக்கும். கங்கப்பன் சொன்னது ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. 'ஒரு தடவை கழுவுனா என்ன ஆகிடும்' என்கிற இடத்தில் இருந்தது. கேபினில் தண்ணீர் வெளியே போக ஓட்டை கிடையாது. கதவு வழியாகக் கொஞ்சம் தள்ளினான். மீதியைத் தேடினான், காணோம். என்ன வேகமாகக் காய்கிறது என்று பாராட்டினான். காயவில்லை. தரை குடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வினோதா கேபினைத் திறந்தபோது, டீயில் போட்டு மறந்த வர்க்கி மாதிரி பலகைகள் ஊதியிருந்தன. ரெண்டு பலகை சேரும் இடமெல்லாம் வரப்பு கட்டி நின்றது.

"இன்னாங்க இது?"

அவனுக்கு அரை நொடி கிடைத்தது. அந்த அரை நொடியில் உண்மை சொல்லியிருக்கலாம். 'கழுவிட்டேன்மா' என்று ஒரே சொல். திட்டியிருப்பாள், மத்தியானம் சாப்பாடு போடும்போது தட்டு கொஞ்சம் சத்தமாக விழுந்திருக்கும், முடிந்திருக்கும். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் ஒரு தூறல் போட்டிருந்தது. தூறல்தான் அவனைக் கெடுத்தது.

"கூரை ஒழுகியிருக்கும் போல," என்றான்.

வினோதாவும் கம்பெனிக்காரி. கம்பெனியில் எதாவது பழுதானால் ஒரு பேப்பர் நிரப்புவார்கள். ஏன் ஆச்சு, அது ஏன் ஆச்சு என்று அஞ்சு தடவை ஏன் கேட்டுக் கடைசியில் காரணத்தைப் பிடிக்க வேண்டும். அவள் பதினாலு வருஷம் அதை நிரப்பியவள். சென்னகிருஷ்ணன் பத்தொன்பது வருஷமாக வண்டிப் பாகங்கள் செய்கிற கம்பெனியில் அளவு பார்க்கிற இன்ஸ்பெக்டர். தப்பான பாகத்தில் சிவப்பு அட்டை கட்டுவது அவன் உத்தியோகம். ரெண்டு பேரும் ஊதிய பலகையைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள்.

"ஏன் ஊதிச்சு?"

"ஈரம்."

"ஏன் ஈரம்?"

"கூரை ஒழுகிச்சு."

"ஏன் ஒழுகிச்சு?"

"ஜாயின்ட் செரியா அடைக்கல."

"ஏன் அடைக்கல?"

சென்னகிருஷ்ணன் பலகை வரப்பை விரலால் அமுக்கிப் பார்த்தான். அவளே சொல்லிக்கொண்டாள்.

"நம்ம ஆளுங்கதானேன்னு. சிரிச்சிப் பேசினா இவங்க எதையும் கேக்க மாட்டாங்கன்னு." கையில் இருந்த போனை அழுத்தினாள். "கங்கப்பண்ணா? வினோதா. இன்னாண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க? கொழந்தைங்க படுக்கிற எடம்னு சொல்லித்தானே வாங்கினோம்?"

அந்தப் பக்கம் கங்கப்பன் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. கடைசியில் அவர் எப்போதும் சொல்கிற ஒரு சொல் மட்டும் கேட்டது. "நோடோணாம்மா, நோடோணா." பார்க்கலாம் என்று அர்த்தம். சாவு வீட்டிலும் அதையே சொல்வார், கல்யாண வீட்டிலும் அதையே சொல்வார். புதன்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து, சென்னகிருஷ்ணன் வினைல் கடைக்குப் போனான். அவன் கணக்கு இதுதான்: கங்கப்பன் வருவதற்குள் நல்ல தடிமனாக ஒன்றைப் பார்த்துப் பேசி வைத்துவிட்டால், அதை மேலே விரித்து மூடிவிடலாம். மூடிவிட்டால் ஒழுகலும் இல்லை, கழுவலும் இல்லை. எல்லாரும் பாப்பாவுக்குத் தாலாட்டுப் பாடப் போய்விடுவார்கள்.

கடை ஜெயப்ரியாவுடையது. முப்பது வயசிருக்கும். சுருள்களைத் தூண் மாதிரி நிறுத்தி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கடைக்குள் புது ரெயின்கோட் வாசனை.

"வாங்க சார். வீட்டுக்கா, ஆபீசுக்கா?"

"கொழந்தைங்களுக்கு மேடம். ஆறு உருப்படி. எல்லாம் நாலு கால்ல போறதுங்க."

அவள் சிரித்தாள். இவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஒரு மெல்லிசு சுருளைத் தரையில் உருட்டினாள். "இது சும்மா விரிக்கிறது. மெல்லிசு. கீழ ஒரு ஆணித் தலை இருந்தாலும் மேல அப்படியே காட்டிக் கொடுத்துடும்."

"அது வேணாம்," என்றான் அவசரமாக.

"இது அடியில ஸ்பாஞ்சு வெச்சது. விழுந்தா அடி படாது. ஆனா கட்டில் காலு, சேர் காலு பதிஞ்சிச்சுன்னா குழி எழாது. இது பலகை மாதிரி ஒண்ணுல ஒண்ணு மாட்டுறது. பாக்க மரமாவே இருக்கும். ஆனா எத்தினி ஜாயின்ட் பாருங்க. பாப்பா ஒண்ணுக்குப் போனா அத்தினி வழியாவும் கீழ இறங்கும். நீங்க கேக்குற எடத்துக்கு இதான் சார்." மூலையில் நின்ற பெரிய சுருளைத் தட்டினாள். "ஆஸ்பத்திரிக்குப் போடுறது. ஜாயின்ட்டை சூடு வெச்சு ஒட்டிடுவோம். செவுத்துல நாலு வெரக்கடை மேல ஏத்தி மடிச்சிடுவோம். தண்ணி கீழ போக வழியே இருக்காது."

"இதுல எது மேடம் நல்லா மறைக்கும்?"

ஜெயப்ரியா ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். "எல்லாரும் எது நல்லா உழைக்கும்னு கேப்பாங்க. நீங்க எது நல்லா மறைக்கும்னு கேக்குறீங்க. கீழ இன்னா தரை சார்?"

"மரத்தூள் பலகை."

"ஊதியிருக்கா?"

"லேசா. சப்பாத்தி மாதிரி."

"சப்பாத்தி மாதிரின்னா லேசு இல்லியே. தண்ணி எப்படி வந்திச்சு?"

"கூரை."

"கழுவி விட்டீங்களா சார்?" அவள் குரலில் குத்தலே இல்லை. "வெக்கப்படாதீங்க. பத்துல எட்டுப் பேரு அதைத்தான் செய்றாங்க. பூஜை போடுறதுக்கு முன்னாடி கழுவணும்ல? போன மாசம் ஒரு இன்ஜினியர், அவரே கழுவிட்டு அவரே வந்தாரு."

யாரோ ஒரு பெண். நாளைக்கு வழியில் பார்த்தால் அடையாளம்கூடத் தெரியாது. 'ஆமா மேடம், ஒன்பதாவது ஆளு நானு' என்றால் அவளும் சிரித்திருப்பாள், இவனும் சிரித்திருப்பான். சிரிக்க வைப்பதற்காகவே பிறந்தவன் என்று பேர் வாங்கினவனுக்கு, வாசலில் வந்து நின்ற அந்தச் சிரிப்பை உள்ளே கூப்பிட முடியவில்லை.

"சேச்சே. கூரைதான் மேடம். வித்தவன் ஏமாத்திட்டான்."

சொன்ன பிறகு தனக்கே காது சுட்டது. வீட்டில்கூடக் 'கூரை' என்றுதான் சொல்லியிருந்தான். ஆளைச் சொன்னது இங்கேதான் முதல் தடவை. அதுவும் 'வித்தவன்' என்று, அறுபது வயசுக்காரரை.

"அதுமேல போடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"காஞ்சிருந்தா போடலாம். சமமா இருந்தா போடலாம்."

"அது ரெண்டு 'இருந்தா' ஆச்சே மேடம்."

"நான் இன்னா சார் பண்றது? ஈரத்து மேல போட்டா அது மேல வர வழி இல்லாம கீழயே கெடந்து புளிக்கும். நாத்தம் எடுக்கும். கரும்புள்ளி புடிக்கும். ஒரு முழம் பிளாஸ்டிக் பேப்பரை எடுத்து நாலு ஓரமும் டேப் போட்டுப் பலகை மேல ஒட்டுங்க. ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் வேர்த்திருந்தா ஈரம் இன்னும் இருக்குன்னு அர்த்தம். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

உங்க இஷ்டம் என்பது ஒரு பதிலா என்று திட்டிக்கொண்டே வந்து, அன்றைக்கே பிளாஸ்டிக்கை ஒட்டினான். மறுநாள் இரண்டரை மணிக்கு ஷிப்ட் முடிந்து நேராகக் கேபினுக்குப் போனான். பிளாஸ்டிக்கின் உள்பக்கம் பொடிப்பொடியாக வேர்த்திருந்தது, மூடி வைத்த இட்லிப் பானை மாதிரி.

வெளியே வினோதாவின் பேச்சுச் சத்தம் கேட்டது. யாரையோ கூட்டிக்கொண்டு வருகிறாள். சென்னகிருஷ்ணன் பிளாஸ்டிக்கைப் பிய்த்தான், கைக்குட்டையால் துடைத்தான், மறுபடி பார்த்தான், மறுபடி துடைத்தான். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நூலளவு ஒரு பாகம் தப்பாக இருந்து அவன் சரி என்று எழுதியதில்லை. மேனேஜர் கெஞ்சியும் எழுதியதில்லை. சிரிப்புக்காரன் என்று பேர் இருந்தாலும் அவன் அளவைப் பற்றி யாரும் சிரித்ததில்லை.

"இன்னாங்க, காஞ்சிடுச்சா?"

"காஞ்சிடுச்சு," என்றான், ஈரக் கைக்குட்டையைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு.

வினோதா கூட வந்தவள் தமிழ்செல்வி. சிங்காரப்பேட்டைப் பக்கத்துப் பெண். புருஷன் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட், இவள் இன்னொரு கம்பெனியில் முதல் ஷிப்ட். கெஞ்சி நீட்டி வாங்கின பிள்ளைப்பேறு லீவு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை பஸ் ஏறவில்லை என்றால் அந்த இடத்தில் வேறு பெண் நிற்பாள். இடுப்பில் எட்டு மாசப் பெண் குழந்தை. உள்ளே வந்ததும் அது கீழே இறங்க முண்டியது. இறக்கிவிட்டாள்.

குழந்தை நாலு எட்டுத் தவழ்ந்து பலகை வரப்புக்கு வந்து நின்றது. வரப்பைப் பார்த்தது. ஊதி உதிர்ந்த மரத்தூளை விரலால் கிள்ளியது, வாயில் போட்டுக்கொண்டது. தமிழ்செல்வி ஓடிப் போய் விரல் விட்டு எடுத்தாள்.

"ஏதோ வாசன வருதேக்கா."

"பழைய கேபின் இல்ல? கூரை ஒழுகிச்சாம். இன்னிக்கு அந்தாளு வர்றாரு. மேல வினைல் போட்டுட்டா செரியாயிடும்," என்றாள் வினோதா.

"அண்ணா, திங்கக்கெழமைக்குள்ள ஆயிடும்ல?" தமிழ்செல்வி இவனைப் பார்த்துக் கேட்டாள்.

"திங்கக்கெழம உன் பொண்ணு இங்க சூப்பர்வைசரா சேர்றா. ஹெல்மெட்டு மட்டும் வாங்கிட்டு வந்துடு," என்று சுவரைக் காட்டினான். அவள் சிரித்தாள். குழந்தையின் நாக்கில் ஒரு துணுக்கு மரத்தூள் இன்னும் ஒட்டியிருந்தது.

அவள் போன பின், மூணரை மணிக்குக் கங்கப்பன் ஏணியோடு வந்தார். சாம்பல் வானம், காற்றில் ஜிலுஜிலுப்பு. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவனுக்குக்கூட டீ போடுகிற வினோதா, அவரைப் பார்த்து 'வாங்க' என்றதோடு சரி. டீ போடவில்லை. கங்கப்பன் அதைக் கவனித்தார். சென்னகிருஷ்ணனும் கவனித்தான்.

"கிருஷ்ணா, நீ உள்ள உக்காந்து மேல பாத்துகினே இரு. நான் எடம் எடமா தண்ணி ஊத்துறேன். எங்க வருதோ கூவு."

ஏணியில் ஒவ்வொரு படிக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். தகரத்தின் மேல் தண்ணீர் விழுந்து ஓடும் சத்தம்.

"வருதா?"

"இல்லண்ணா."

சத்தம் நகர்ந்தது. "இங்க?"

"இல்லண்ணா."

"ஜன்னல் மேல ஊத்துறேன் பாரு. வருதா?"

"இல்லண்ணா."

வினோதா கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஒவ்வொரு 'இல்லண்ணா'வுக்கும் அவள் நெற்றியில் ஒரு கோடு கூடியது. நாலாவது 'இல்ல' வந்தால் அடுத்து ஒரு 'ஏன்' வரும். அது இவனைப் பார்த்து வரும். அந்த நேரம் வீட்டுக்குள் குக்கர் விசில் அடித்தது. அவள் திரும்பிப் போனாள்.

சென்னகிருஷ்ணன் கையில் குடிக்கிற தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடி திறந்துதான் இருந்தது. கை நீட்டினால் கிழக்கு மூலை. அவன் பாட்டிலைச் சாய்த்தான். ஒரு வாய் அளவு.

"வருதுண்ணா! கெழக்கு மூலையில!"

மேலே சத்தம் நின்றது. 

"கெழக்கு மூலையிலயா?"

"ஆமாண்ணா."

"பாத்தியா நீ? கண்ணால பாத்தியா?"

"பாத்தேண்ணா. இங்க ஈரம் நிக்குது."

தகரத்தின் மேல் கையால் தடவும் சத்தம். "செரி பா," என்று மேலிருந்து குரல் வந்தது.

ரெண்டு மணி நேரம் கிழக்கு மூலையைச் சுரண்டினார், துடைத்தார், பசை பூசினார். நடுவில் தூறல் போட்டது. பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பூசினார். இறங்கி வரும்போது வலது உள்ளங்கையில் வேஸ்ட் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம். தகர ஓரம் கிழித்துவிட்டது.

"தப்பு என் பக்கந்தாம்மா," என்றார் வினோதாவிடம். "முப்பது வருஷத்துல இப்படி ஆனதில்ல. வயசாயிடுச்சோ என்னவோ. மனசுல வெச்சிக்காத. பலகை புதுசா நான் தரேன்."

ரத்தத்தைப் பார்த்ததும் வினோதாவின் முகம் இளகியது. மஞ்சள் கொண்டுவந்து வைத்துக் கட்டினாள். டீயும் போட்டாள். கங்கப்பன் இடது கையால் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். கேட் வரைக்கும் கூடப் போன சென்னகிருஷ்ணன் கேட்டான்:

"வினோதா போன்ல பேசினதுல கோவமாண்ணா?"

"நோடோணா பா," என்று சொல்லிவிட்டு வண்டியை இடது கையால் தள்ளிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைச் சாறும். சென்னகிருஷ்ணன் ரெண்டாவது உருண்டையைப் பிட்டுச் சாற்றில் புரட்டும்போது வினோதா சொன்னாள்:

"எங்க பழைய லைன் குரூப்ல போட்டுட்டேன். கங்கப்பன்கிட்ட கேபின் வாங்குறவங்க கூரையப் பாத்து வாங்குங்கன்னு. லைன்ல நிக்கிற ரூபாவோட அண்ணன் மெக்கானிக் ஷெட்டுக்கு ஒரு கேபின் அவருகிட்டதான் சொல்லி வெச்சிருந்தாராம். இப்ப வேணாம்னு சொல்லிட்டாராம். பாவமாத்தான் இருக்குது. ஆனா நாலு பேருக்குத் தெரியணும்ல?"

களி என்பது மெல்லாமல் விழுங்குகிற சாப்பாடு. சென்னகிருஷ்ணனுக்கு அது நெஞ்சில் நின்றது. தண்ணீர் குடித்தான். இறங்கவில்லை.

"கூரை ஒழுகல," என்றான்.

"இன்னா?"

"கூரை ஒழுகல வினோதா."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்புறம் ஏன் ஊதிச்சு?"

"கழுவினேன். சனிக்கெழம. மூணு பக்கெட்டு."

"ஏன் கழுவினீங்க? அவரு சொன்னாரு இல்ல?"

"நீ வந்து பாத்தா சந்தோசப்படுவேன்னு."

"அப்ப ஏன் கூரைன்னீங்க?"

"தெரியல. வாயில வந்திச்சு."

"நான் போன் போட்டு அந்த மனுசனைக் கிழிச்சேனே, அப்ப ஏன் சொல்லல?"

அவன் சாற்றில் கிடந்த உருண்டையைத் திருப்பிப் போட்டான்.

"கையக் கிழிச்சிகினு வந்து எங்கிட்ட தப்பு என் பக்கம்னாரே. அப்ப ஏன் சொல்லல?"

அஞ்சு ஏன் முடிந்துவிட்டது. கம்பெனி பேப்பராக இருந்தால் கடைசிக் கட்டத்தில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதி மேனேஜரிடம் கொடுத்திருப்பான். இது கவனக்குறைவு இல்லை என்பது ஆபரேட்டருக்கே தெரிந்தது. பாட்டிலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. 

வினோதா கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை. போனை எடுத்து, அவன் எதிரிலேயே, குரூப்பில் குரலாகப் பேசி அனுப்பினாள்: "நான் வினோதா பேசறேன். கங்கப்பண்ணன் கேபின்ல ஒரு கொறையும் இல்ல. கூரை ஒழுகல. எங்க வீட்டுக்காரரு சென்னகிருஷ்ணன் தரையக் கழுவிட்டு எங்கிட்டப் பொய் சொல்லிட்டாரு. நான் அதை நம்பி உங்ககிட்டச் சொல்லிட்டேன். ரூபா, உங்க அண்ணன்கிட்டச் சொல்லிடு."

நூத்தி இருபது பெண்கள் உள்ள குரூப். போன் மடமடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. அவள் அதைப் படிக்கவில்லை.

"எழுந்திரிங்க. எங்கிட்டச் சொல்லிட்டா ஆச்சா?"

யார்டு வாசலில் வண்டியை நிறுத்தி அவள் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டாள். இவன் மட்டும் உள்ளே போனான். கங்கப்பன் ஒரு கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தார். வலது கை கட்டோடு இருந்ததால் ஸ்குரூ டிரைவரை இடது கையில் பிடித்து, அது வழுக்க வழுக்கத் திருகினார். சென்னகிருஷ்ணன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மஞ்சள் தண்ணீரைச் சொன்னான், மூன்று பக்கெட்டைச் சொன்னான், தூறலைச் சொன்னான், குரூப்பைச் சொன்னான். பாட்டிலை மட்டும் சொல்லவில்லை. ஒரே நாளில் எவ்வளவு அசிங்கத்தைத்தான் ஒரு மனுஷன் தூக்குவான் என்று தனக்குத்தானே ஒரு சலுகை கொடுத்துக்கொண்டான்.

கங்கப்பன் கீலைத் திருகி முடித்தார். கதவை ஆட்டிப் பார்த்தார்.

"செரி விடு பா. எல்லாரும் கழுவுறாங்க."

"கோவமாண்ணா?"

"நோடோணா. சனிக்கெழம பலகை கொண்டாறேன். பழசைத் தூக்க ஒரு ஆளு வேணும்."

"நான் இருக்கேண்ணா."

"அதான் சொன்னேன்."

வெள்ளிக்கிழமை வினோதாவே ஜெயப்ரியா கடைக்குப் போனாள். இவன் பின்னால் நின்றான். ஆஸ்பத்திரிச் சுருள்தான் என்று முடிவு செய்து, அதிலும் வெளிர் நீலத்தை எடுத்தாள்.

"அழுக்கு தெரியுமேம்மா," என்றாள் ஜெயப்ரியா. "புள்ளி போட்டது எடுத்தா ஒண்ணும் தெரியாது."

"தெரியட்டும். தண்ணி சிந்தினா ஒடனே கண்ணுல படணும். எங்க வீட்ல சிந்துற ஆளு இருக்காரு."

ஜெயப்ரியா அவனைப் பார்த்தாள். "எட்டுல ஒருத்தரா சார்?" என்று மட்டும் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான்.

சனிக்கிழமை பலகைகளைப் பெயர்த்தார்கள். அடிப்பக்கம் கறுத்திருந்தது. ஒவ்வொன்றையும் சென்னகிருஷ்ணன் தோளில் சுமந்து வெளியே போட்டான். தண்ணீர் குடித்த பலகைக்கு என்ன கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. இவன் ஒரு தடவை, "இதுக்குச் சளி இல்லண்ணா, நிமோனியா," என்று சொல்லிப் பார்த்தான். கங்கப்பன் அளவு நாடாவின் மறுமுனையை நீட்டினார். இவன் பிடித்துக்கொண்டான்.

புதுப் பலகையும் அதே மரத்தூள் பலகைதான். ஓரமெல்லாம் பெயின்ட் அடித்து, ஸ்குரூத் தலைகளை உள்ளே இறக்கி, மேலே பட்டி பூசித் தேய்த்தார்கள். சென்னகிருஷ்ணன் மண்டி போட்டு உள்ளங்கையால் தரையை முழுக்கத் தடவினான். ரெண்டு இடத்தில் நிறுத்தி, "இங்க ஒரு நூல் ஏறியிருக்குது," என்றான். கங்கப்பன் தடவிப் பார்த்துவிட்டுத் தேய்த்தார். சுருளைப் பிரித்து ராத்திரி முழுக்கத் தரையில் சும்மா கிடக்க விட்டார்கள். அது நீட்டி நிமிர்ந்து படுத்த பிறகுதான் ஒட்ட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை கடை ஆட்கள் வந்து ஒட்டி, ஜாயின்ட்டைச் சூடு வைத்து மூடி, சுவரில் நாலு விரல் ஏற்றி மடித்தார்கள். மத்தியானம் பார்த்தால் கேபினுக்குள் ஒரு துண்டு வானம் இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வானத்துக்கு மேலே 'ஹெல்மெட் கட்டாயம்'.

தமிழ்செல்வி வந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தேய்த்துப் பார்த்தாள், குனிந்து மோந்து பார்த்தாள், குழந்தையை விட்டாள். அது நிற்காமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தது. "காலைல அஞ்சே காலுக்கு வந்துடறேங்க்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள். வினோதா டீ போட உள்ளே போனாள்.

கேபின் படியில் கங்கப்பன் உட்கார்ந்திருந்தார். கட்டுத் துணி அழுக்காகியிருந்தது. சென்னகிருஷ்ணன் கீழ்ப்படியில் உட்கார்ந்தான்.

"கை எப்படி இருக்குதுண்ணா?"

"இருக்குது."

"அண்ணா, எம்மேல கோவமா?"

மூன்றாவது தடவையாகக் கேட்கிறான். 'நோடோணா' என்பார், இவன் 'எப்பத்தான் நோடுவீங்க' என்று சொல்லுவான், அவர் சிரிப்பார். அந்தப் பேச்சைக் காலையிலிருந்தே தயாராக வைத்திருந்தான்.

கங்கப்பன் கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு நேராக இவனைப் பார்த்தார்.

"ஆமா கிருஷ்ணா. கோவந்தான்."

உள்ளே டம்ளர்கள் மோதும் சத்தம் கேட்டது.

"பக்கெட்டு தண்ணிக்கு இல்ல. அது எல்லாரும் செய்றது. கெழக்கு மூலையில ஜாயின்டே கெடையாது. ஒரே தகரம், நானே போட்டது. மேல உக்காந்து கண்ணால பாக்குறேன், ஒரு ஊசி ஓட்டை இல்ல. அப்புறமும் ரெண்டு மணி நேரம் ஏன் பூசினேன் தெரியுமா? நீ வருதுன்ன. என் கண்ண விட்டுட்டு உன் வாயை நம்பிப் பூசினேன்."